டெக்சஸ்: பத்தாண்டுகூட நிலைக்காத குடியரசு

ஹோசே அந்தோனியோ நவாரோ 1795இல் சான் அந்தோனியோவில் பிறந்தார். 1871இல் அதே ஊரில் இறந்தார். பிறந்தபோது ஸ்பெயின் மன்னரின் குடி. 1821இல் மெக்சிகோக் குடிமகன். 1836இல் டெக்சஸ் குடியரசின் குடிமகன். 1845 முடிவில் அமெரிக்கர். 1861இல் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் ஆள். 1865க்குப் பிறகு மறுபடியும் அமெரிக்கர். மனிதர் ஊரை மாற்றவில்லை, கொடிதான் மாறிக்கொண்டே இருந்தது. அவற்றில் 1836ஆம் ஆண்டுக் கொடி ஏறுவதற்கு அவரே கையெழுத்திட்டவர். டெக்சஸ் விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 59 பேரில் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் இரண்டே பேர்தான்: நவாரோவும் அவருடைய தாய்மாமன் ஹோசே பிரான்சிஸ்கோ ரூயிஸும். மற்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து குடியேறியவர்கள். ஏறக்குறையக் கால்பங்கினர் வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஒரு நிலத்துக்கு விடுதலை கேட்டவர்களில் மிகப் பலர் அந்த நிலத்துக்கு அப்போதுதான் வந்திறங்கியவர்கள் என்பது டெக்சஸ் வரலாற்றின் வழக்கமான பாடத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. அலமோ கோட்டையில் செத்தவர்களின் வீரமும் மெக்சிகோ ஆட்சித்தலைவர் சாண்டா அன்னாவின் கொடுங்கோன்மையும் திரைப்படங்கள் வழியாக உலகெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தப் போர் எதற்காக நடந்தது, வென்றவர்கள் கையில் கிடைத்த நாட்டை என்ன செய்தார்கள் என்ற இரு கேள்விகளுக்கும் வரலாற்றாசிரியர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சண்டையிட்டு வருகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெளியும் என்பது என் எண்ணம். கிளர்ச்சி ஏன் வெடித்தது என்பதை வெடிப்பதற்கு முந்தைய பேச்சுகளிலிருந்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. வென்ற பிறகு எழுதிய சட்டமும் சாட்சி சொல்கிறது.

முதலில் நிலம். மெக்சிகோ விடுதலை பெற்ற 1821இல் டெக்சஸ் ஏறத்தாழ வெற்றெல்லையாக இருந்தது. அதாவது ஸ்பானிய மொழி பேசியவர்களின் கணக்கில் வெற்றெல்லை. சான் அந்தோனியோ, கோலியாட், நகோக்டோச்சஸ் ஆகிய மூன்று ஊர்களையும் சேர்த்து அவர்கள் சில ஆயிரம் பேர். மீதி நிலம் கொமாஞ்சி, அப்பாச்சி, கடோ முதலிய பழங்குடிகளின் கையில் இருந்தது. கொமாஞ்சிக் குதிரைப்படை நினைத்தபோது வந்து கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போகும். அவர்களைத் தடுக்க மெக்சிகோ அரசிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. எல்லையில் ஆட்களை நிரப்பினால் வேலி போட்டதுபோல ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். மோசஸ் ஆஸ்டின் என்ற மிசௌரிக்காரர் ஸ்பானிய அதிகாரிகளிடம் குடியேற்ற அனுமதி வாங்கி, அதே ஆண்டு இறந்துபோனார். மகன் ஸ்டீபன் ஆஸ்டின் அந்த வேலையை எடுத்துச் செய்து முதல் முந்நூறு குடும்பங்களைக் கொண்டுவந்தார்.

வந்தவர்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் அரசு நிலம் ஏக்கருக்கு 1.25 டாலர், ரொக்கமாகக் கட்ட வேண்டும். 1819ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் நொடித்துப்போன விவசாயியால் அது முடியாது. மெக்சிகோவிலோ கால்நடை வளர்க்கும் குடும்பத்துக்கு 4,428 ஏக்கர், கட்டணம் பெயரளவுக்கு. கேட்ட விலைகள் இரண்டே: மெக்சிகோக் குடியுரிமை ஏற்க வேண்டும், கத்தோலிக்கராக வேண்டும். இரண்டாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; கேட்டவர்களும் துருவிப் பார்க்கவில்லை. கடன்காரருக்குத் தப்பி இரவோடிரவாக ஓடியவர்கள் தங்கள் வீட்டுக் கதவில் ‘டெக்சஸ் போய்விட்டோம்’ என்பதன் முதலெழுத்துகள் மூன்றை மட்டும் எழுதிவிட்டுப் போவது அக்கால வழக்கம். குடியேறிகள் எல்லோரையும் சுதந்திர தாகத்தோடு புறப்பட்டவர்களாகக் காட்டும் நூல்கள் அந்தக் கதவுகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நிலத்தோடு பருத்தி வந்தது, பருத்தியோடு அடிமைகள் வந்தார்கள். 1822இல் ஜாரெட் குரோஸ் என்ற தோட்டக்காரர் தொண்ணூறு அடிமைகளோடு வந்து பிராசோஸ் ஆற்றங்கரையில் பண்ணை போட்டார். ஆஸ்டின் குடியிருப்பில் 1825இல் எடுத்த கணக்குப்படி மொத்தம் 1,790 பேர். அதில் 443 பேர் அடிமைகள், அதாவது நாலில் ஒருவர். மெக்சிகோவின் போக்கு நேர் எதிரானது. விடுதலைப் போரின் தலைவர்கள் தொடக்கம் முதலே அடிமைமுறையைக் கண்டித்தவர்கள். கோவாகுயிலா-டெக்சஸ் மாநிலத்தின் 1827ஆம் ஆண்டு அரசமைப்பு, பிறக்கும் குழந்தைகள் அடிமைகள் அல்லர் என்றது. ஆறு மாதங்களுக்குப் பிறகு புதிதாக அடிமைகளைக் கொண்டுவரவும் தடை போட்டது. 1829 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் விசென்டே கெரேரோ நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டார். கெரேரோ ஆப்பிரிக்க வம்சாவளியும் கலந்தவர். டெக்சஸ் குடியேறிகளும் அவர்களோடு வியாபாரம் வைத்திருந்த சான் அந்தோனியோப் பெரிய மனிதர்களும் பதறிப்போய் முறையிட, டிசம்பருக்குள் டெக்சஸுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

சட்டத்துக்குள் புகுந்து வெளியேறும் வழியும் இருந்தது. எல்லையைத் தாண்டுமுன் அமெரிக்கப் பக்கத்து நோட்டரி முன்னிலையில் அடிமையை ஓர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கச் சொல்வார்கள். அவன் தன் விலையையும் பயணச் செலவையும் எசமானுக்குக் கடன்பட்டிருக்கிறான். ஆண்டுக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்து அதைத் தீர்ப்பான். உணவு, துணிமணிச் செலவு கூலியில் கழிக்கப்படும். கழித்தபின் மிஞ்சுவதை வைத்து அந்தக் கடனை ஓர் ஆயுளில் அடைக்க முடியாது. சில ஒப்பந்தங்கள் 99 ஆண்டுக்கு எழுதப்பட்டன. எழுதப்படிக்கத் தெரியாத மனிதன் தன் ஆளோலையைத் தானே ஒப்புக்கொண்டதாகப் பதிவு. இதற்கு மாநிலச் சட்டமன்றம் 1828இல் அங்கீகாரமும் கொடுத்தது. அந்தத் தீர்மானம் நிறைவேறப் பாடுபட்டவர்களில் முன்நின்றவர் நம் நவாரோ. பருத்தி வந்தால் தம் ஊரும் செழிக்கும் என்று அவர் நம்பினார். 1832இல் அதே சட்டமன்றம் ஒப்பந்தக் காலத்தைப் பத்தாண்டாகக் குறைத்தபோது குடியேறிகள் கசந்துபோனார்கள்.

அதற்குள் மெக்சிகோவும் விழித்துக்கொண்டது. எல்லையைப் பார்வையிட வந்த தளபதி மனுவெல் மியேர் இ தெரான், கிழக்கு டெக்சஸில் மெக்சிகர்களைவிட அமெரிக்கர்கள் பலமடங்கு பெருகிவிட்டதைக் கண்டு எச்சரித்து எழுதினார். அதன் விளைவு 1830 ஏப்ரல் 6ஆம் நாள் சட்டம்: அமெரிக்காவிலிருந்து இனிக் குடியேற்றம் கிடையாது. சட்டம் வந்ததே தவிரக் காவல் வரவில்லை. ஆட்கள் முன்னைவிட வேகமாக வந்துகொண்டிருந்தார்கள், இப்போது சட்டவிரோதமாக. எல்லை கைவிட்டுப் போகிறது என்று கண்ட மியேர் இ தெரான் 1832 ஜூலையில் தன் வாளின்மேல் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். 1833இல் டெக்சஸைத் தனி மாநிலமாக்கக் கோரி மெக்சிகோ நகரத்துக்குப் போன ஸ்டீபன் ஆஸ்டின், திரும்பும் வழியில் கைதாகி, 1835 வரை ஊர் திரும்ப முடியாமல் போனது. அதுவரை குடியேறிகளில் மிகவும் பொறுமைசாலி அவர்தான். அவரைச் சிறையில் வைத்ததைவிடப் பெரிய பிழையை மெக்சிகோ செய்திருக்க முடியாது.

மூன்றாவது காரணம் கூட்டாட்சி. இதை இட்டுக்கட்டிய சாக்கு என்று தள்ள முடியாது. 1824ஆம் ஆண்டு அரசமைப்பு மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. அந்தோனியோ லோப்பஸ் தெ சாண்டா அன்னா 1834க்குப் பிறகு அதைக் கலைத்து அதிகாரத்தைத் தலைநகரில் குவித்தார். எதிர்த்தது டெக்சஸ் மட்டுமல்ல. சகாடேகாஸ் மாநிலம் முதலில் எழுந்தது. 1835 மே மாதம் சாண்டா அன்னா அதை நொறுக்கி, நகரைச் சூறையாடப் படைக்கு அனுமதி கொடுத்தார். பின்னாளில் யுகதான் தனிநாடாகவே பிரிந்து நின்றது. 1824 அரசமைப்பை எழுதிய மன்றத்துக்குத் தலைமை வகித்த லொரென்சோ தெ சவாலா, சாண்டா அன்னாவை விட்டு விலகி டெக்சஸ் வந்து, அதன் இடைக்காலத் துணைத் தலைவரானார். அவர் பருத்திக்காரர் அல்லர். அவரையும் குரோஸையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டால் வரலாறு பிசகும்.

இந்த மூன்று இழைகளில் எது முதன்மை என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். அடிமை ஒழிப்பாளர் பெஞ்சமின் லண்டி 1836இலேயே ஒரு சிறுநூல் எழுதி, இது முழுக்க அடிமை உடைமையாளர்களின் சதி என்றார். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் டெக்சஸ் வரலாற்றுத் துறையை ஆண்ட யூஜீன் பார்க்கர் அதை மறுத்தார். இரு பண்பாடுகளுக்கிடையே இருந்த அவநம்பிக்கையையும் அரசியல் மோதலையும் முன்வைத்தார். 1992இல் பால் லாக், கிளர்ச்சிக்காரர்கள் ஒரே குரலில் பேசியவர்கள் அல்லர் என்று காட்டினார்: போரின் பிற்பகுதியில் படையை நிரப்பியவர்கள் நிலத்துக்காக அமெரிக்காவிலிருந்து புதிதாக ஓடிவந்த தொண்டர்களே. அந்திரேஸ் ரெசென்டெஸ், மெக்சிகோ அரசின் பிடிக்கும் அமெரிக்கச் சந்தையின் இழுப்புக்கும் நடுவில் நின்ற எல்லைமக்களின் தடுமாற்றத்தை எழுதினார். 2015இல் ஆண்ட்ரூ டார்கெட், உலகப் பருத்திச் சந்தையிலிருந்து தொடங்கி, அடிமைமுறை பற்றிய தீராத இழுபறியே எல்லாவற்றையும் இணைத்தது என்று வாதிட்டார்.

எனக்கு டார்கெட்டின் பக்கமே அதிகம் சாயத் தோன்றுகிறது, ஒரு திருத்தத்தோடு. கிளர்ச்சி 1835இல் ஏன் வெடித்தது என்பதற்குச் சாண்டா அன்னாவின் மையவாதம் விடை. கிளர்ச்சிக்காரர்கள் சகாடேகாஸ்காரர்களைப்போல 1824 அரசமைப்பை மட்டும் கேட்டு நிற்காமல் தனிநாட்டுக்குத் தாவியது ஏன் என்பதற்கு அந்த விடை போதாது. 1835 நவம்பரில் கூடிய ஆலோசனை மன்றம் 1824 அரசமைப்புக்காகவே போராடுகிறோம் என்றுதான் அறிவித்தது. நான்கே மாதத்தில் அந்தப் பேச்சு காணாமல் போனது. கூட்டாட்சி மெக்சிகோவிலும் அடிமைகளுக்குப் பாதுகாப்பில்லை என்பதை 1827, 1829, 1832 என்று மூன்று முறை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

போரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அது ஏழே மாதம். 1835 அக்டோபர் 2இல் கொன்சாலஸ் ஊரில் ஒரு சிறு பீரங்கிக்காகத் தொடங்கி, டிசம்பரில் சான் அந்தோனியோ கைப்பற்றப்பட்டு, 1836 மார்ச் 6 விடியலில் அலமோ வீழ்ந்து, மார்ச் 27 குருத்தோலை ஞாயிறன்று கோலியாடில் சரணடைந்த கைதிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டு, ஏப்ரல் 21இல் சான் ஹசின்டோவில் முடிந்தது. அந்தக் கடைசிச் சண்டை பதினெட்டு நிமிடம். டெக்சஸ் படைத்தலைவர் சாம் ஹூஸ்டனின் தொள்ளாயிரம் பேர், மதிய ஓய்வில் இருந்த மெக்சிகோப் பாசறைக்குள் புகுந்தார்கள். மெக்சிகர்கள் 630 பேர் செத்தார்கள்; டெக்சஸ் தரப்பில் ஒன்பது பேர். சண்டை முடிந்த பிறகும் சதுப்பில் மாட்டிக்கொண்டு கையுயர்த்தியவர்களைச் சுடுவது நிற்கவில்லை. கோலியாடுக்குப் பழி என்றார்கள். மறுநாள் சாதாரணச் சிப்பாய் உடையில் பிடிபட்ட ஒருவரைக் கைதிகள் ‘எல் பிரெசிடென்டே’ என்று மரியாதை காட்டிக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர் சாண்டா அன்னா.

அலமோவிலிருந்து இருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே பீரங்கி இயக்கிய கிரகோரியோ எஸ்பார்சா சான் அந்தோனியோக்காரர். மனைவி மக்களோடு உள்ளே இருந்தார். அவருடைய சகோதரர் பிரான்சிஸ்கோ மெக்சிகோப் படைத்தரப்பில் இருந்தார். கோட்டை வீழ்ந்தபின் சகோதரரின் உடலைத் தேடி எடுத்து அடக்கம் செய்ய அவருக்கு அனுமதி கிடைத்தது. மற்ற பிணங்கள் எல்லாம் குவித்து எரிக்கப்பட்டன. இன்னொருவர் ஜோ, தளபதி வில்லியம் டிராவிஸின் அடிமை, வயது இருபதை ஒட்டி. சண்டையில் எசமானோடு நின்றார், எசமான் சாவதைப் பார்த்தார். கைதான அவரை மெக்சிகோப் படை கொல்லாமல் விட்டது. அலமோவின் கடைசி நேரத்தைப் பற்றிக் குடியரசின் அமைச்சர்களுக்குச் சாட்சி சொன்னவர் அவரே. சாட்சி கேட்டு முடித்ததும் அவரை டிராவிஸின் சொத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து, சான் ஹசின்டோ வெற்றியின் முதலாண்டு நாளில், ஜோ தப்பி ஓடினார்.

சாண்டா அன்னா கையெழுத்திட்ட வெலாஸ்கோ உடன்படிக்கையில் ஒரு பிரிவு உண்டு. மெக்சிகோப் படை எடுத்துச் சென்ற அல்லது படையில் தஞ்சம் புகுந்த தனியார் சொத்துகளைத் திருப்பித் தர வேண்டும். குதிரை, கால்நடை, கறுப்பின அடிமைகள் என்று பட்டியல் போகிறது. மெக்சிகோப் படை வந்த வழியெல்லாம் அடிமைகள் அதை நோக்கி ஓடினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அவர்களுக்கு விடுதலைப் படை எது என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

டெக்சஸ் குடியரசின் அரசமைப்பு 1836 மார்ச் 17இல், சாண்டா அன்னா வருகிறார் என்ற அச்சத்தில், இரண்டே வாரத்தில் எழுதி முடிக்கப்பட்டது. பெரும்பகுதி அமெரிக்க அரசமைப்பைப் பார்த்து எழுதியது. சொந்தமாகச் சேர்த்த பகுதிகளில்தான் எழுதியவர்கள் மனம் தெரிகிறது. அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு இல்லை. உடைமையாளரே விரும்பினாலும், நாட்டைவிட்டு அனுப்பினாலொழிய, காங்கிரசின் சம்மதமின்றித் தன் அடிமையை விடுவிக்க முடியாது. சுதந்திரமான கறுப்பர் யாரும் காங்கிரசின் சம்மதமின்றி நிரந்தரமாக வசிக்க முடியாது. விடுதலை நாளில் டெக்சஸில் இருந்த எல்லோரும் குடிமக்கள், ஆப்பிரிக்கர்கள், அவர்களின் வழித்தோன்றல்கள், செவ்விந்தியர்கள் நீங்கலாக. நில உரிமையும் அப்படியே: பிரகடன நாளில் வசித்த குடும்பத் தலைவருக்கு 4,600 ஏக்கருக்குமேல் கிடைக்கும், இதே விலக்குகளோடு. உரிமையாளரின் தனிச்சொத்து உரிமையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்த நாடு, அவன் தன் அடிமையை விடுவிக்கும் உரிமையை மட்டும் பறித்தது. இதைச் சாண்டா அன்னா எழுதவைக்கவில்லை.

இப்படிப் பிறந்த நாடு தனிநாடாக வாழ விரும்பியதா? 1836 செப்டம்பரில் நடந்த முதல் தேர்தலில் அமெரிக்காவோடு இணையலாமா என்றும் கேட்டார்கள். ஆதரவு 3,277, எதிர்ப்பு 91. அதே தேர்தலில் சாம் ஹூஸ்டன் பெரும்பான்மையோடு தலைவரானார். பதினைந்து ஆண்டு உழைத்த ஸ்டீபன் ஆஸ்டினுக்கு அறுநூறு வாக்குகூடக் கிடைக்கவில்லை. வெளியுறவுச் செயலர் பதவியை ஏற்ற அவர் டிசம்பரில் நிமோனியா கண்டு 43 வயதில் இறந்தார். அமெரிக்கா 1837 மார்ச்சில் அங்கீகாரம் மட்டும் கொடுத்தது, இணைப்பை மறுத்தது. இன்னொரு அடிமை மாநிலத்தைச் சேர்த்தால் வடக்கு கொதிக்கும், மெக்சிகோவோடு போர் மூளும் என்ற பயம். ஆகவே டெக்சஸ் விரும்பாத தனிமையில் கொஞ்சகாலம் ஒரு நாடாக இருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கொஞ்சகாலத்தின் கதை கேலிக்கூத்துக்கும் பயங்கரத்துக்கும் இடையில் ஓடுகிறது. படைத்தலைவர் பதவிக்கு ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனை நியமித்தால், பதவியை விட மனமில்லாத ஃபெலிக்ஸ் ஹூஸ்டன் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்து இடுப்பில் சுட்டார். இனிப் படையே வேண்டாம் என்று சாம் ஹூஸ்டன் பெரும்பகுதியினரை விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த விடுப்புக்கு முடிவுநாள் கிடையாது. 1838 தேர்தலில் மிராபோ லமாருக்கு எதிராக நின்ற இரு முக்கிய வேட்பாளர்களில் பீட்டர் கிரேசன் தற்கொலை செய்துகொண்டார், ஜேம்ஸ் காலின்ஸ்வொர்த் கால்வெஸ்டன் விரிகுடாவில் மூழ்கி இறந்தார். கிழக்கில் ஷெல்பி கவுண்டியில் போலி நிலச்சான்றிதழ் தகராறு இரு கூட்டங்களின் பழிவாங்கலாகி, 1839 முதல் 1844 வரை ஆட்களைத் தின்றது. கடற்படைக்குப் பணம் இல்லாதபோது, மெக்சிகோவை எதிர்த்து நின்ற யுகதானுக்கு அதை மாதம் 8,000 டாலர் வாடகைக்கு விட்டார்கள்.

அப்படித் தலைவரான லமார் பெரிய கனவுக்காரர். ஒவ்வொரு கவுண்டிக்கும் பள்ளிக்கூட நிலம், இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஐம்பது லீக் நிலம் என்று ஒதுக்கியது அவர் காலத்தில்தான்; அந்தப் பெருமையைக் குறைக்க வேண்டாம். ஆனால் கஜானாவில் இருந்தது நிலம் மட்டுமே. 1839இல் அச்சிட்ட ‘சிவப்பு முதுகு’ நோட்டுகள் மூன்றே ஆண்டில் டாலருக்குச் சில சென்ட் என்ற நிலைக்கு இறங்கின. 1841இல் லமார், வணிகம் என்ற பெயரில், சான்டா ஃபே நகரை வளைத்துப்போட முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்களை அனுப்பினார். வழிதவறி, பட்டினி கிடந்து, ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்து, மெக்சிகோ நகரம்வரை நடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். உடன் போன நவாரோ 1845 வரை சிறையில் இருந்தார்.

பன்றிகள் ஒரு நாட்டின் வெளியுறவைக் கெடுத்ததும் அதே 1841இல்தான். தலைநகர் ஆஸ்டினில் பிரெஞ்சுத் தூதராக வந்திருந்தவர் துபுவா தெ சலினி. பக்கத்து விடுதிக்காரர் ரிச்சர்ட் புல்லக்கின் பன்றிகள் தூதரின் லாயத்துக்குள் நுழைந்து சோளத்தைத் தின்றன. ஆவணங்களையும் சேர்த்துத் தின்றதாகத் தூதர் புகார் சொன்னார். தூதரின் வேலைக்காரர் பன்றிகளைக் கொன்றார். புல்லக் வேலைக்காரரை அடித்து நொறுக்கினார். தண்டனை வேண்டும் என்று தூதர் கேட்க, முறையான வழக்கு இல்லாமல் முடியாது என்று அரசு சொல்ல, அவர் கோபித்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போனார். டெக்சஸ் அப்போது பிரான்சிடம் ஐம்பது லட்சம் டாலர் கடனுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கடன் கிடைக்கவில்லை.

சிரிப்பு இத்தோடு நிற்கட்டும். செரோக்கியரோடு வளர்ந்து அவர்கள் பேச்சறிந்த ஹூஸ்டன், 1836 பிப்ரவரியில் கிழக்கு டெக்சஸ் செரோக்கியருக்கு நிலம் உறுதிசெய்து உடன்படிக்கை எழுதியிருந்தார். போரில் அவர்கள் மெக்சிகோ பக்கம் சாயாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம். வெற்றி வந்தபின் செனட் அந்த உடன்படிக்கையை 1837இல் செல்லாது என்றது. லமார் படையை அனுப்பினார். 1839 ஜூலையில் நெச்சஸ் ஆற்றோரச் சண்டையில் எண்பதைக் கடந்த தலைவர் துவாலி, ஹூஸ்டன் முன்பு பரிசளித்த வாளோடு, சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மார்ச்சில் கொமாஞ்சித் தலைவர்கள் பன்னிரண்டு பேர் சமாதானம் பேச, குடும்பங்களோடு சான் அந்தோனியோ வந்தார்கள். பிடித்துவைத்திருந்த எல்லாக் கைதிகளையும் கொண்டுவரவில்லை என்று டெக்சஸ் அதிகாரிகள் அவர்களையே பிணையாக அடைக்க முடிவுசெய்தார்கள். அதைச் சொல்லச் சொன்னபோது மொழிபெயர்ப்பாளர் நடுங்கினார். சொல்லிவிட்டு வாசல்வழியே ஓடினார். கூடத்துக்குள்ளும் முற்றத்திலும் நடந்த கொலையில் கொமாஞ்சியர் 35 பேர் இறந்தார்கள், டெக்சஸ்காரர்கள் ஏழு பேர்.

ஆகஸ்டில் பதில் வந்தது. நூற்றுக்கணக்கான குதிரைவீரர்கள் கடற்கரை ஊரான லின்வில்வரை இறங்கினார்கள். ஊரார் படகுகளில் ஏறி விரிகுடாவில் நின்றபடி தங்கள் கடைகள் கொள்ளைபோவதைப் பார்த்தார்கள். பண்டகசாலையில் இருந்த உயரத் தொப்பிகளை மாட்டிக்கொண்டு, குடைகளை விரித்துப் பிடித்துக் கொமாஞ்சியர் திரும்பிப் போனார்கள். பிளம் கிரீக்கில் அவர்களை மறித்தபோதும் கொள்ளையில் பெரும்பகுதி தப்பிவிட்டது. லின்வில் பிறகு எழவே இல்லை. எல்லையின் உண்மையான வல்லரசு கொமாஞ்சியரே என்று பெக்கா ஹமலைனன் 2008இல் எழுதிய நூல் வாதிடுகிறது. டெக்சஸ் குடியரசு வரைபடத்தில் தீட்டிக்கொண்ட பரப்பில் பாதிக்கு மேல் அதன் வரிவசூலிப்பவர் ஒருவர்கூடக் கால்வைத்ததில்லை என்பதைப் பார்த்தால் அந்த வாதத்தை மறுப்பது கடினம்.

டெஹானோக்களின் நிலை வேறுவிதமான துயரம். டெக்சஸில் பிறந்த இந்த மெக்சிகர்களில் ஹுவான் செகீன் அலமோவிலிருந்து தூதுபோனவர், சான் ஹசின்டோவில் தம் ஆட்களோடு சண்டையிட்டவர். எதிரி என்று கருதி நம்மவர்களே சுட்டுவிடக் கூடாதென்று அவருடைய வீரர்கள் தொப்பியில் அட்டைத்துண்டு செருகிக்கொண்டார்கள். பிறகு அவர் செனட்டர், சான் அந்தோனியோ மேயர். 1842இல் மெக்சிகோப் படை மறுபடி ஊருக்குள் நுழைந்து திரும்பியபோது, அவர்தான் அழைத்தார் என்ற வதந்தியைப் புதிதாக வந்தவர்கள் கிளப்பினார்கள். பதவியை விட்டு மெக்சிகோவுக்கு ஓடினார். அங்கே சிறையா, படையா என்று கேட்கப்பட, அதே ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோத் தளபதி வோலின் படையோடு தன் ஊர்மீதே வந்தார். வதந்தி உண்மையாகிவிட்டது. ஒண்டவந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது என்பார்களே, அது எழுத்துப் பிசகாமல் நடந்த இடம் சான் அந்தோனியோ.

வோலுக்குப் பதிலடி என்று எல்லை கடந்து மியேர் ஊரில் மாட்டிக்கொண்ட கூட்டமும் உண்டு. சிறை உடைத்து ஓடி மீண்டும் பிடிபட்ட 176 பேரை ஒரு பானையில் கைவிட்டு அவரை விதை எடுக்கச் சொன்னார்கள். 159 வெள்ளை, 17 கறுப்பு. கறுப்பு எடுத்தவர்கள் 1843 மார்ச் 25 மாலை சுடப்பட்டார்கள். இரண்டாம் முறை தலைவராகியிருந்த ஹூஸ்டன் போர்ப் பித்துக்கு இணங்கவில்லை. செலவைச் சுருக்கினார், பழங்குடிகளோடு பேசினார், மெக்சிகோவோடு போர்நிறுத்தம் கண்டார். குடியரசின் தலைவர்களில் கணக்குப்பிள்ளை மூளை இருந்தவர் அவர் ஒருவரே என்று தோன்றுகிறது. கூடவே பிரிட்டனோடு கொஞ்சுவதுபோலக் காட்டி வாஷிங்டனுக்குப் பொறாமை மூட்டினார்.

அந்த ஆட்டத்தில் பிரிட்டனின் ஆள் சார்லஸ் எலியட். சில ஆண்டு முன்பு அபினிப் போரில் ஹாங்காங்கைப் பிடித்த அதே எலியட். அமெரிக்காவோடு சேராமல் இருந்தால் டெக்சஸை அங்கீகரிப்போம் என்ற வாக்குறுதியை மெக்சிகோவிடமிருந்து 1845 மே மாதம் அவர் வாங்கிக் கொண்டுவந்தார். ஒன்பது ஆண்டு எதற்காகப் போராடினார்களோ, அது தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது. ஆனால் பிப்ரவரி இறுதியிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் இணைப்புத் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. செனட்டில் 27க்கு 25. கடைசித் தலைவர் ஆன்சன் ஜோன்ஸ் இரண்டையும் மக்கள்முன் வைத்தார். ஜூலை 4இல் கூடிய மாநாட்டில் இணைப்பை எதிர்த்தவர் ஒருவரே. முழு விடுதலையும் இணைப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது எதை எடுத்தார்கள் என்பதில் இந்தக் குடியரசைப் பற்றிய தீர்ப்பு முக்கால்வாசி வந்துவிடுகிறது. 1846 பிப்ரவரி 19இல் கொடி இறங்கியது. அடுத்த வசந்தம் முடிவதற்குள் அமெரிக்க-மெக்சிகோப் போர் தொடங்கிவிட்டது. செனட்டராகும் ஆசை நிறைவேறாத ஜோன்ஸ் 1858இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

வாங்கியது எது, இழந்தது எது என்று கணக்குப் பார்த்தால் கடன் கோடி டாலரை எட்டியிருந்தது. 1850இல் அமெரிக்கா ஒரு கோடி டாலர் கொடுத்து நியூ மெக்சிகோ மீதான உரிமைகோரலை வாங்கிக்கொண்டு அதைத் தீர்த்துவைத்தது. அரசு நிலத்தை மட்டும் டெக்சஸ் விடாமல் வைத்துக்கொண்டது. இன்றைய பல்கலைக்கழகங்களின் எண்ணெய்ச் செல்வம் அதிலிருந்து வந்தது. 1861இல் மாநிலம் மறுபடி பிரிந்தபோது, ஆளுநராக இருந்த சாம் ஹூஸ்டன் உறுதிமொழி எடுக்க மறுத்துப் பதவி இழந்தார். டெக்சஸ் விடுதலையை அதன் தலைவர்களின் பேச்சால் அளப்பவர்கள் அளக்கட்டும். தொகையால் அளந்தால் கணக்கு இது: 1836இல் அடிமைகள் சுமார் 5,000, 1860 கணக்கெடுப்பில் 1,82,566. கெரேரோ ஆணையிட்டது 1829 செப்டம்பரில். கால்வெஸ்டனில் அமெரிக்கத் தளபதி ஒருவர் அடிமைகள் விடுதலையை அறிவித்தது 1865 ஜூன் 19இல். இடையில் கழிந்தவை ஏறக்குறைய 36 ஆண்டுகள்.